முயல், ரயில், வீட்டுமனை: பிரிட்டனின் கோல்ஃப் எஸ்டேட்டுகள் பிறந்த கதை

நம் ஊரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் விடுதி. பிரிட்டனின் கிராமப்புறத்தில் அந்தச் சொல் வேறு வழியில் வளர்ந்தது. பிரபுக்கள் மான் வேட்டைக்காக வேலியடைத்து வைத்திருந்த காட்டில், காவல்காரன் தங்கும் இடத்தைத்தான் முதலில் லாட்ஜ் என்றார்கள். அப்புறம் வேட்டைக்கு வரும் பிரபு நாலைந்து இரவு தங்கும் வீடும் லாட்ஜ் ஆயிற்று. மாளிகையின் வெளிவாசலில் கேட்டைத் திறந்துவிடும் ஆளின் சின்ன வீட்டுக்கும் அதே பெயர். பார்க் என்ற சொல்லும் இப்படித்தான். இன்று அது எல்லோரும் காலாற நடக்கும் பூங்கா. அன்று அது மற்றவர்கள் உள்ளே வரக்கூடாது என்று அடைத்த மான்காடு.

இன்று அதே பார்க்கில் 18 குழி கோல்ஃப் மைதானம் இருக்கிறது. அதே லாட்ஜில் பணக்கார விருந்தினர்கள் தங்குகிறார்கள். விளம்பரப் புத்தகங்களைப் பார்த்தால், அந்த மாளிகையும் அந்தப் புல்வெளியும் அந்த ஆட்டமும் ஆதியிலிருந்தே ஒன்றாக இருந்தவை போலத் தோன்றும். உண்மையில் அப்படி இல்லை. கோல்ஃப் பெரும்பாலான மாளிகைகளுக்குள் நுழைந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதுவும் விளையாட்டு ஆசையால் மட்டும் வரவில்லை. நிலம் சோறு போடுவதை நிறுத்திய பிறகு, அந்த நிலத்தை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாக வந்தது. எந்த கோல்ஃப் எஸ்டேட்டின் வரலாற்றை எடுத்தாலும் நான் கேட்டுப் பார்க்கும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் புல்லை வெட்டும் செலவை யார் கொடுத்தார்கள்? காலத்துக்குக் காலம் அந்தப் பதில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதல் பதில், யாரும் கொடுக்கவில்லை என்பது.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே மேடும் பள்ளமுமாக மணல் படிந்த நிலம் உண்டு. லிங்க்ஸ் என்பார்கள். உழுது பயிரிட லாயக்கில்லை. உப்புக் காற்றில் மரமும் சரியாக வளராது. ஆனால் மணலில் தண்ணீர் நிற்காது என்பதால், மெல்லிய ஃபெஸ்க்யூ புல் குளிர்காலத்திலும் சேறாகாமல் நிற்கும். ஆடும் முயலும் அதை ஒட்டக் கடித்து வைத்தன. புல் வெட்டும் எந்திரத்துக்கு எட்வின் பட்டிங் என்பவர் காப்புரிமை வாங்கியது 1830ல்தான். அதற்கு முன் மைதானப் பராமரிப்பு என்றால் அது ஆட்டுக்குட்டிகளின் வேலை. காற்றுக்கு ஒதுங்கி ஆடுகள் படுத்த இடத்தில் புல் தேய்ந்து மணல் தெரிந்ததே பங்கர் (மைதானத்தின் மணற்குழி) என்று ஒரு கதை சொல்வார்கள். எல்லாப் பங்கருக்கும் அது பொருந்தாது, ஆனாலும் கேட்கச் சுவையான கதை.

அந்த நிலம் யாருக்கும் வேண்டாத புறம்போக்கு போல இருந்ததால்தான் ஊர்க்காரர்கள் அதில் ஆட முடிந்தது. ஆட்டம் எவ்வளவு பரவியிருந்தது என்றால், வில்வித்தைப் பயிற்சி கெடுகிறது என்று 1457லேயே ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் லிங்க்ஸ் பற்றி 1552ல் எழுதப்பட்ட சாசனம் ஒன்று இருக்கிறது. பேராயர் ஜான் ஹாமில்டன் அங்கே முயல் வளர்த்துக்கொள்ளலாம், ஊர் மக்கள் கோல்ஃப் ஆடிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். முயலும் ஆட்டமும் ஒரே காகிதத்தில். இரண்டும் ஒத்துப்போயின, முயல் ஒரு தொழிலாகும் வரை. 1797ல் நகராட்சி கடனில் மூழ்கி லிங்க்ஸை விற்றது. சில ஆண்டுகளில் அது டெம்ப்ஸ்டர் என்ற வியாபாரிகளின் கைக்குப் போனது. அவர்கள் இறைச்சிக்கும் தோலுக்கும் முயல் வளர்த்தார்கள். மைதானமெங்கும் வளை. ஆட்டக்காரர்களுக்கும் முயல்காரர்களுக்கும் அடிதடி, வழக்கு. கடைசியில் 1821ல் ஜேம்ஸ் சீப் என்ற பக்கத்து நிலக்கிழார் லிங்க்ஸை வாங்கி ஆட்டத்துக்கே விட்டுவிட்டார். அவரும் ஆட்டக்காரர்தான். கோல்ஃபுக்காக ஒரு நிலவுடைமைக்காரர் பணம் செலவழித்த மிகப் பழைய உதாரணங்களில் இது ஒன்று.

அதுவரை பந்து பெரிய தடையாக இருந்தது. தோலுக்குள் இறகைத் திணித்துத் தைத்த பந்து. கைவேலை, விலை அதிகம், மழையில் நனைந்தால் வீண். 1848 வாக்கில் மலாய்க் காடுகளின் மரப்பாலான கட்டாபெர்ச்சாவில் வார்த்த பந்து வந்தது. மலிவு, உடைந்தால் உருக்கி மறுபடி வார்க்கலாம். ஆட்டக்காரர்கள் பெருகினார்கள். பந்து மலிவானதும் அடுத்த தடை தூரம். அதை ரயில் தீர்த்தது.

தண்டவாளம் போட்ட மைதானங்கள்

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் கம்பெனிகளுக்கு ஒரு தலைவலி. நகரங்களுக்கு நடுவே ஓடும் வண்டியில் கூட்டம் இருந்தது, ஆனால் தொலைதூரக் கிளைப்பாதைகளில் கோடைக்குக்கூட ஆள் ஏறவில்லை. பயணி போக வேண்டும் என்றால் போகுமிடம் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் உருவாக்கிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.

அபர்தீனுக்கு வடக்கே குரூடன் பே என்ற கடற்கரையில், கிரேட் நார்த் ஆஃப் ஸ்காட்லாந்து ரயில்வே 1899ல் பெரிய ஹோட்டல் ஒன்றைத் திறந்தது. மைதானத்தை வகுத்தவர் செயின்ட் ஆண்ட்ரூஸின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஓல்டு டாம் மோரிஸ். ஸ்டேஷனிலிருந்து ஹோட்டல் வாசல் வரை விருந்தினரையும் துணிமூட்டைகளையும் ஏற்றிப்போகத் தனியாக ஒரு மின்சார டிராம். எல்லாம் இருந்தது, கூட்டம்தான் வரவில்லை. லண்டனிலிருந்து அவ்வளவு தூரம், மேலே குளிர்காற்று. 1932ல் பயணிகள் ரயிலே நின்றுபோனது. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் எடுத்துக்கொண்ட ஹோட்டலைப் போருக்குப் பிறகு இடித்துத் தள்ளினார்கள். மைதானம் மட்டும் மிஞ்சியது. இன்று உலகெங்கிலுமிருந்து ஆட்டக்காரர்கள் அதைத் தேடி வருகிறார்கள். கட்டியவர்கள் எதிர்பார்த்த கூட்டம்தான், சுமார் நூறு வருடம் தாமதம்.

டர்ன்பெரிக்கு இன்னும் கொஞ்சம் அதிர்ஷ்டம். மேற்குக் கரையில் ஐல்சா பிரபுவின் நிலத்தைப் பிடித்து, கிளாஸ்கோ அண்டு சவுத் வெஸ்டர்ன் ரயில்வே 1906ல் அங்கே ஹோட்டல் திறந்தது. ஆனால் தட்டையான நிலத்துக்கு ஒரு ஆபத்து உண்டு, போர் வந்தால் விமானத்தளம் போடத் தோதாக இருக்கும். இரண்டு உலகப் போர்களிலும் டர்ன்பெரி மைதானத்தில் விமானங்கள் இறங்கின. ஓடுபாதையின் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுத்து, பிலிப் மெக்கன்சி ராஸ் 1951 வாக்கில் மைதானத்தை மறுபடி உருவாக்கினார். 1977ல் டாம் வாட்சனும் ஜாக் நிக்லாஸும் மோதிய புகழ்பெற்ற ஓபன் சாம்பியன்ஷிப் ஆட்டம் நடந்தது அந்தப் புல்லில்தான். 2014ல் அதை வாங்கியவர் டொனால்டு டிரம்ப்.

ரயில் கம்பெனிகள் கட்டியவற்றில் உச்சம் கிளெனீகிள்ஸ். பெயரைக் கேட்டதும் கழுகு ஞாபகம் வரும். ஆனால் கேலிக் மொழியில் அந்தப் பெயருக்குத் தேவாலயப் பள்ளத்தாக்கு என்று பொருள் சொல்கிறார்கள், கழுகுக்கு அதில் வேலையில்லை. கலிடோனியன் ரயில்வேயின் பொது மேலாளர் டொனால்டு மாதிசன், பெர்த்ஷயரில் விடுமுறைக்குப் போன இடத்தில் அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு ஹோட்டல் யோசனையோடு திரும்பினார். கட்டட வேலை தொடங்கியது, உடனே முதல் உலகப் போர் வந்து நிறுத்தியது. ஜேம்ஸ் பிரெய்டு வகுத்த கிங்ஸ், குவீன்ஸ் மைதானங்கள் 1919ல் திறந்துவிட்டன. ஹோட்டல் திறக்க 1924 ஜூன் வரை ஆயிற்று. அதற்குள் 1923ல் ரயில் கம்பெனிகளை ஒன்றிணைத்ததில் கலிடோனியன் ரயில்வேயே மறைந்து, புது முதலாளியாக லண்டன் மிட்லாண்டு அண்டு ஸ்காட்டிஷ் வந்துவிட்டது. கனவு கண்ட கம்பெனி ஒன்று, ரிப்பன் வெட்டிய கம்பெனி வேறொன்று.

கடற்கரை இல்லாத, மலையடிவாரத்து நிலத்தில் கோல்ஃபை நம்பி ஒரு பெரிய ஹோட்டலையே கட்டினார்கள் என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. விருந்தினர் ஸ்டேஷனில் இறங்கி நேரே ஹோட்டலுக்கு வருவார். குளியல், ஆட்டம், இரவு விருந்து, நடனம், அப்புறம் மறுபடி ரயில். நாம் இன்று ரிசார்ட் என்று சொல்லும் எல்லாமே அந்த வரிசையில் அடங்கிவிடும். இரண்டாம் உலகப் போரில் கிளெனீகிள்ஸ் ஆஸ்பத்திரியாகவும், பிறகு காயம்பட்ட சுரங்கத் தொழிலாளர்கள் தேறும் இடமாகவும் இருந்தது. ரயில்வே நாட்டுடைமையானபோது ஹோட்டலும் அரசு சொத்தாயிற்று. 1980களில் தனியார் கைக்குப் போய், மதுபானக் கம்பெனிகள் வழியாகக் கைமாறி, 2015ல் டியாஜியோ அதை எனிஸ்மோர் என்ற ஹோட்டல் நிறுவனத்துக்கு விற்றது. நடுவில் 2005ல் ஜி8 மாநாடும், 2014ல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டியும் அங்கே நடந்தன.

ரயில் காலத்தில் புல்லுக்கான பணம் டிக்கெட்டிலிருந்து வந்தது. மைதானத்தில் நஷ்டம் என்றாலும், வண்டியில் ஆள் ஏறினால் போதும் என்ற கணக்கு. கார் வந்ததும் அந்தக் கணக்கு உடைந்தது.

தரிசுக்கு வந்த யோகம்

இதே நேரத்தில் லண்டனுக்குத் தென்மேற்கே வேறொரு கணக்கு உருவானது. என் பார்வையில் இன்றைய கோல்ஃப் எஸ்டேட்டின் உண்மையான தாய்வீடு அதுதான், ஸ்காட்லாந்து அல்ல.

சர்ரே, பெர்க்ஷயர் எல்லையில் ஹீத் நிலம் பரந்து கிடந்தது. பேக்ஷாட் மணல் என்று புவியியலாளர்கள் சொல்லும் சத்தில்லாத மண். ஹெதர் புதரும் பைனும் முளைக்கும், கோதுமை முளைக்காது. ஏழைகள் விறகுக்கும் கூரைக்கும் மேய்ச்சலுக்கும் நம்பியிருந்த நிலம், விவசாயக் கணக்கில் பூஜ்யம். ஆனால் மணல் மண் என்றால் தண்ணீர் வடியும். தண்ணீர் வடிந்தால் ஜனவரியிலும் ஆடலாம். லிங்க்ஸின் குணம் கடலே இல்லாமல் உள்நாட்டில் கிடைத்துவிட்டது, அதுவும் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரப் பயணத்தில். பின்னாளில் பிரதமரான ஆர்தர் பால்ஃபோர் போன்றவர்கள் ஆடி ஆடி, கோல்ஃப் ஆடுவதே கௌரவம் என்று ஆகியிருந்த காலம் அது.

கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குச் சொந்தமான ஹீத் நிலத்தில் 1901ல் சன்னிங்டேல் மைதானம் திறந்தது. வகுத்தவர் வில்லி பார்க் ஜூனியர். ஹெதரை வெட்டியெறிந்து, விதை தூவி, புல்லைப் புதிதாக வளர்த்தார்கள். நிலம் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆடுவது என்ற பழைய வழக்கம் இங்கே மாறியது. இனி நிலத்தை ஆட்டத்துக்காகத் தயாரிக்கலாம். அந்த கிளப்பின் முதல் செயலாளராகச் சேர்ந்தவர் ஹாரி கோல்ட், தொழிலால் வக்கீல். பின்னாளில் இங்கிலாந்தின் பெரிய எஸ்டேட் மைதானங்களில் பாதிக்குப் பாதி இவர் பெயர்தான் வரும்.

வில்லி பார்க் இன்னொன்றும் செய்துபார்த்தார். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஹன்டர்கோம்பில் தானே நிலத்தில் பணம் போட்டு, மைதானமும் அதைச் சுற்றி வீடுகளும் என்று திட்டமிட்டார். மைதானம் அருமையாக அமைந்தது. ரயில் ஸ்டேஷன் தூரம் என்பதால் வீடு விற்கவில்லை, பார்க் பெரும் நஷ்டப்பட்டார். மோரிஸ் கார் தயாரித்த வில்லியம் மோரிஸ் 1920களில் அந்த இடத்தை வாங்கிக்கொண்டார். கார்க்காரர் கைக்கு அது போனதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

வில்லி பார்க் தோற்ற அதே யோசனையை ஜெயித்துக் காட்டியவர் வால்டர் ஜார்ஜ் டாரன்ட். தச்சு வேலையில் தொடங்கி, சர்ரேயின் பைஃப்ளீட்டில் பெரிய கட்டட ஒப்பந்தக்காரராக வளர்ந்தவர். ஆசை அதிகம் உள்ள மனிதர். முதல் உலகப் போரின்போது மூன்றடுக்கு இறக்கையுள்ள ராட்சத குண்டுவீச்சு விமானம் ஒன்றைக்கூட வடிவமைக்க வைத்தார். 1919ல் முதல் ஓட்டத்திலேயே அது மூக்குக் குப்புறக் கவிழ்ந்து விமானிகள் இருவர் இறந்தார்கள். வீட்டு விஷயத்தில் அவர் கணக்கு தப்பவில்லை. 1911ல் வெய்பிரிட்ஜ் அருகே செயின்ட் ஜார்ஜஸ் ஹில் என்ற 964 ஏக்கர் நிலத்தை வாங்கினார். நடுவே கோல்ட் வகுத்த மைதானம் 1913ல் திறந்தது. சுற்றிலும் மரங்களுக்கிடையே விசாலமான மனைகள்.

இந்தக் குன்றுக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1649 ஏப்ரலில், மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட சில மாதங்களில், ஜெரார்டு வின்ஸ்டன்லி தலைமையில் ஒரு சிறு கூட்டம் இங்கே வந்து பொது நிலத்தைத் தோண்டிப் பயிர் வைத்தது. கேரட்டும் பார்ஸ்னிப்பும் பீன்ஸும் விதைத்தார்கள். பூமி எல்லோருக்கும் பொதுச் சொத்து என்பது அவர்கள் வாதம். டிக்கர்கள், அதாவது தோண்டுகிறவர்கள், என்று அவர்களுக்குப் பெயர். சுற்றுவட்டார நிலக்கிழார்கள் அடித்து, பயிரை அழித்து, வழக்குப் போட்டு, சில மாதங்களில் விரட்டிவிட்டார்கள். அந்தக் குன்றில்தான் இன்று கேட் போட்டுக் காவல் வைத்த குடியிருப்பு. 1960களில் ஜான் லெனனும் ரிங்கோ ஸ்டாரும் அங்கே வீடு வாங்கினார்கள். 1999ல், டிக்கர்கள் வந்து 350 ஆண்டு ஆனதை நினைவூட்ட, நில உரிமைச் செயற்பாட்டாளர்கள் சிலர் குன்றில் கூடாரமடித்து நினைவுக்கல் வைக்க முயன்றார்கள். அவர்களையும் வெளியேற்றினார்கள்.

சரி, டாரன்டின் சூத்திரம் என்ன? 18 குழி மைதானத்துக்கு ஏறக்குறைய 120, 150 ஏக்கர் போதும். அதை முதலில் போட்டுவிட்டால், மீதியுள்ள தரிசு 'மைதானத்தைப் பார்த்த மனை' ஆகிவிடுகிறது. பக்கத்து நிலத்தில் நாளைக்கு எவனும் தொழிற்சாலை கட்டமாட்டான் என்ற உத்தரவாதத்தையும் சேர்த்து விற்கிறார்கள். வாங்குபவர் கோல்ஃப் மட்டையைத் தொட்டதே இல்லை என்றாலும் அந்தப் பச்சைக்கு விலை கொடுப்பார். ஆக, புல்லுக்கான பணம் மனை விலைக்குள் ஒளிந்திருந்தது.

சிக்கல் கடைசி மனை விற்ற மறுநாள் தொடங்கும். விற்க மனை இல்லாவிட்டால் புல் வெட்டும் கூலிக்கு யார் பொறுப்பு? டாரன்டின் அடுத்த எஸ்டேட்டான வென்ட்வொர்த்தில் இந்தக் கேள்வி மறுபடி மறுபடி வந்தது. ஸ்பெயினிலிருந்து நாடு கடத்தப்பட்ட ராமோன் கப்ரேரா என்ற கார்லிஸ்ட் (அரியணைக்கு உரிமை கோரிய டான் கார்லோஸ் தரப்பு) தளபதியின் குடும்பம் வாழ்ந்த மாளிகை அது. 1920களின் தொடக்கத்தில் டாரன்ட் அந்த இடத்தைப் பிடித்தார். மாளிகை கிளப்ஹவுஸ் ஆனது. கோல்ட் ஈஸ்ட், வெஸ்ட் என்று இரண்டு மைதானங்களை வகுத்தார். 1926ல் ஈஸ்ட் மைதானத்தில் பிரிட்டன், அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மோதினார்கள், பிரிட்டன் 13½ க்கு 1½ என்று ஜெயித்தது. அதைப் பார்க்க வந்திருந்த சாமுவேல் ரைடர் என்ற விதை வியாபாரி கொடுத்த கோப்பைதான் மறுவருடம் தொடங்கிய ரைடர் கோப்பை. பாக்கெட் ஒரு பென்னிக்குத் தோட்ட விதை விற்றுச் சம்பாதித்த பணம்.

அப்புறம் உலகப் பொருளாதாரம் சரிந்தது, மனை விற்கவில்லை, 1931ல் டாரன்ட் திவாலானார். எஸ்டேட் மட்டும் நிலைத்தது. அதன் சாலைகளையும் பொது இடங்களையும் யார் பராமரிப்பது, குடியிருப்போர் என்ன செலுத்துவது என்பதற்காக 1964ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட்டார்கள். ஒரு குடியிருப்புப் பகுதிக்கு ஒரு சட்டம்! 2014ல் ரெய்ன்வுட் என்ற சீனப் பின்னணியுள்ள நிறுவனம் வென்ட்வொர்த் கிளப்பைச் சுமார் 13.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே, உறுப்பினராகத் தொடர வேண்டுமானால் ஒவ்வொருவரும் 1 லட்சம் பவுண்டு கடன்பத்திரம் வாங்க வேண்டும் என்று அறிவித்தது. சண்டை சில ஆண்டுகள் நடந்து, சமரசத்தில் முடிந்தது. எஸ்டேட்டுக்குள் வீடு வாங்கியவர்கள் தாங்கள் மைதானத்தோடு சேர்ந்து வாழ்வதாக நினைத்திருந்தார்கள். மைதானத்தின் உரிமையாளரோ, அது தனி வியாபாரம் என்று நினைவூட்டினார்.

வரி கட்ட முடியாத பிரபுக்கள்

சர்ரேயில் மைதானம் முதலில் வந்தது, வீடு பிறகு வந்தது. மற்ற இடங்களில் வீடு ஏற்கெனவே இருந்தது, அதுவும் 100 அறைகளோடு. அங்கே கோல்ஃப் வந்த வழி வேறு.

1870களிலிருந்து அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்து இறங்க, இங்கிலாந்தில் தானிய விலை விழுந்தது. குத்தகை வருமானம் சுருங்கியது. 1894ல் நிதியமைச்சர் வில்லியம் ஹார்கோர்ட் இறப்பு வரியைக் கொண்டுவந்தார். உச்ச விகிதம் 8 சதவீதம்தான், அதற்கே பிரபுக்கள் அலறினார்கள். 1919ல் 20 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்கு அது 40 சதவீதம் ஆனது. போரில் அப்பாவும் மகனும் அடுத்தடுத்துச் செத்த குடும்பங்கள் உண்டு. போர் முடிந்த மூன்று நான்கு ஆண்டுகளில் இங்கிலாந்தின் கால்வாசி நிலம் கைமாறியது என்பது நெடுநாள் சொல்லப்பட்ட கணக்கு. பின்னாளைய ஆய்வாளர்கள் அவ்வளவு இல்லை என்கிறார்கள். எப்படியும் விற்பனை ஏராளம் என்பதில் சந்தேகமில்லை.

மாளிகையை வாங்கி என்ன செய்வது? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஹோட்டல், இல்லாவிட்டால் இடித்துக் கல்லையும் ஈயத்தையும் விற்பது. 20ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கான மாளிகைகள் அப்படிப் போயின. கோல்ஃப் கிளப் இந்த வரிசையில் ஓரளவு கருணையான முடிவு. ஏனென்றால் மாளிகையைச் சுற்றியிருந்த நிலம் ஏற்கெனவே பாதி கோல்ஃப் மைதானம் போலத்தான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் கேப்பபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக்கலைஞர் நூற்றுக்கும் மேற்பட்ட எஸ்டேட்டுகளில் ஒரே பாணியை வைத்தார். வீட்டு வாசற்படி வரை புல், அங்கங்கே மரக்கூட்டம், தாழ்வில் வளைந்த ஏரி. கோல்ட் மாதிரியான ஆட்கள் அதற்குள் குழிகளைப் பொருத்தினால் வேலை முடிந்தது. ஒரே குறை மண். பிரபுக்கள் நல்ல விளைநிலத்தில்தான் மாளிகை கட்டுவார்கள். களிமண் மழைக்காலத்தில் சேறாகும். கண்ணுக்கு அழகான பார்க்லாந்து மைதானங்கள் பல, டிசம்பரில் பூட்ஸைக் கழற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

பக்கிங்ஹாம்ஷயரின் ஸ்டோக் பார்க் இந்த மாற்றத்தில் முன்னோடி. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் பேரன் ஜான் பென் கட்டிய வெள்ளை மாளிகை அது. கொரிந்தியன் கால்பந்துக் குழுவைத் தொடங்கிய லேன் ஜாக்சன் 1908ல் அதை வாங்கி, கோல்டை வைத்து மைதானம் போட்டு, மாளிகையையே கிளப்ஹவுஸ் ஆக்கினார். கன்ட்ரி கிளப் என்ற அமெரிக்கப் பாணி இங்கிலாந்துக்கு வந்த வாசல்களில் இது ஒன்று. ஹெர்ட்ஃபோர்டுஷயரின் மூர் பார்க்கில் வேறு வகை. சோப்பு வியாபாரத்தில் கோடீஸ்வரரான லீவர்ஹூல்ம் பிரபு 1919ல் அதை வாங்கினார். 1923ல் மைதானங்கள் திறந்தன, நிலத்தின் ஒரு பகுதியில் வீடுகள் எழுந்தன. பக்கத்து மெட்ரோபாலிட்டன் ரயில்வே ஸ்டேஷனின் பெயரோடு அதே ஆண்டு மூர் பார்க் என்பதும் சேர்ந்துகொண்டது. பளிங்குக் கூடத்தில் ஓவியம் தீட்டிய கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஸ்கோர் கார்டு எழுதலாம்.

வாசல் திறந்துவிட்டது என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. பிரபுவின் வேலி போய் கிளப்பின் வேலி வந்தது, அவ்வளவுதான். பல கிளப்புகள் யூதர்களைச் சேர்க்கவில்லை, லீட்ஸில் 1923ல் யூதர்கள் மூர் அலர்ட்டன் என்று தனி கிளப் தொடங்கிக்கொண்டார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸின் ராயல் அண்டு ஏன்ஷியன்ட் கிளப் பெண்களை உறுப்பினராக்க வாக்களித்தது 2014ல்.

தங்குமிடம் இந்தக் கதையில் மெல்லத்தான் சேர்ந்தது. முதலில் கிளப்புகள் டார்மி ஹவுஸ் என்று சின்னக் கட்டடம் வைத்திருந்தன. கடைசி ரயிலை விட்டவர்கள், மறுநாள் காலையிலும் ஆட நினைப்பவர்கள் படுத்து எழ நாலு அறை. வடக்கே ஸ்காட்லாந்தில் வேறு பாரம்பரியம். விக்டோரியா ராணி 1848ல் பால்மோரலுக்குப் போகத் தொடங்கியதும், பணக்காரர்களிடையே ஹைலேண்ட்ஸ் வேட்டை லாட்ஜ் மோகம் பரவியது. அந்தப் பள்ளத்தாக்குகள் அமைதியாக இருந்ததற்குக் காரணம், ஆடு வளர்க்கவென்று குடியானவர்களை முந்தைய தலைமுறைகளில் வெளியேற்றியிருந்தது. உருக்குக் கோடீஸ்வரர் ஆண்ட்ரூ கார்னெகி 1898ல் ஸ்கிபோ கோட்டையை வாங்கி, தனக்கென்று 9 குழி மைதானம் போட்டுக்கொண்டார். டார்மி ஹவுஸின் வசதி, வேட்டை லாட்ஜின் தனிமை, ரயில் ஹோட்டலின் உபசாரம் மூன்றும் கலந்ததுதான் இன்றைய கோல்ஃப் லாட்ஜ்.

பால் பண்ணையிலிருந்து பார் 5 குழி வரை

அடுத்த அலை 1980களில். ஐரோப்பியச் சமூகம் 1984ல் பாலுக்கு ஒதுக்கீடு வைத்தது, அளவுக்கு மேல் கறந்தால் அபராதம். விவசாயிகளை வேறு தொழில் பார்க்கச் சொன்னார்கள். 1989ல் ராயல் அண்டு ஏன்ஷியன்ட் அமைப்பு, 2000க்குள் பிரிட்டனுக்கு இன்னும் 700 மைதானம் வேண்டும் என்று அறிக்கை விட்டது. பசு நின்ற வயலில் கொடி நட வரிசை கட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வங்கி வட்டி 15 சதவீதத்தைத் தொட்டது. அறிக்கையை நம்பிக் கடன் வாங்கியவர்களில் பலர், முதல் புல் பச்சை பிடிக்கும் முன்பே கடன்காரர்களிடம் சாவியைக் கொடுத்தார்கள். தேவை பற்றிய கணிப்பு பெரிதாகத் தவறில்லை என்றே நினைக்கிறேன். எல்லோரும் விலை உயர்ந்த கிளப்பையே கட்டினார்கள் என்பதுதான் தவறு. காத்திருந்த கூட்டத்துக்கு வேண்டியிருந்தது குறைந்த கட்டணத்தில் ஆட ஒரு இடம்.

தப்பித்தவற்றுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கோடீஸ்வரர் இருக்கிறார், லாபம் அவருக்கு முதல் கவலை அல்ல. வேல்ஸின் செல்டிக் மேனர் ஒரு காலத்தில் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே பிறந்த டெர்ரி மாத்யூஸ் கனடாவில் தொலைத்தொடர்புத் தொழிலில் சம்பாதித்து, பிறந்த கட்டடத்தையே வாங்கி ஹோட்டலாக்கினார். 2010 ரைடர் கோப்பைக்கென்றே அங்கே மைதானம் உருவாக்கினார்கள். மழை கொட்டி ஆட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது வேறு கதை. அயர்லாந்தில் டன்ரேவன் பிரபுக்களின் அடேர் மேனர் இப்போது ஜே. பி. மெக்மேனஸ் கையில். மைதானத்தைத் தோண்டிப் புதுப்பித்து, கிரீன்களுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) அடியில் ஈரத்தை உறிஞ்சும் குழாய் அமைப்பு வரை புதைத்திருக்கிறார். களிமண்ணைப் பணத்தால் மணலாக்கும் வேலை அது. 2027 ரைடர் கோப்பை அங்கே. ஸ்டோக் பார்க்கை 2021ல் 5.7 கோடி பவுண்டுக்கு வாங்கியது முகேஷ் அம்பானியின் ரிலையன்ஸ். அதே ஆண்டு ஆகஸ்டில் கிளப் உறுப்பினர்களுக்குக் கதவு மூடப்பட்டது.

ஒரு விசித்திரம். தென் இங்கிலாந்தின் ஹீத் நிலத்தில் பெரும்பகுதி கடந்த 200 ஆண்டுகளில் வீடாகவும் காடாகவும் வயலாகவும் மாறிவிட்டது. மிச்சமிருக்கும் துண்டுகளில் சில, கோல்ஃப் மைதானங்களின் ஓரங்களில் இருக்கின்றன. அன்று ஹெதரை வெட்டியெறிந்த கிளப்புகள் இன்று தானாக வளர்ந்த பைன், பர்ச் மரங்களை வெட்டி ஹெதரைத் திரும்ப வளர்க்கின்றன. ஆடு மேயாத நிலத்தில் அந்த வேலையையும் மனிதன் கூலிக்குத்தான் செய்ய வேண்டும்.

டெர்பி நகரின் ஓரத்தில் ஆலஸ்ட்ரீ பார்க் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய மாளிகை, ஏரி, சுமார் 320 ஏக்கர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நகராட்சி அங்கே 18 குழி மைதானம் நடத்தியது, யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஆடலாம். வருமானம் செலவைத் தாங்கவில்லை. 2020 கடைசியில் மைதானத்தை மூடினார்கள். அந்த இடத்தை இயற்கைக்கே திருப்பி விடும் திட்டத்தை நகராட்சியும் உள்ளூர் வனஉயிர் அறக்கட்டளையும் சேர்ந்து நடத்துகின்றன. புல் வெட்டும் வண்டி வருவதில்லை. பந்து பறந்த புல்பாதையான ஃபேர்வேயில் முழங்கால் உயரத்துக்குப் புல்.